பொம்மியின் மூச்சு: காப்பகத்திலிருந்து வீட்டுக்கு வந்த ஒரு புல்டாக்

2024 ஆகஸ்டில் நாங்கள் கொடுத்த விண்ணப்பத்தைக் காப்பகம் திருப்பிவிட்டது. நவம்பரில் அதே நாயை எங்களிடமே கொடுத்தது. இடையில் இருந்த மூன்று மாதத்தில் நாயும் மாறியது, எங்கள் வீடும் மாறியது. சென்னை மாதிரி வெக்கையான ஊரில் இங்கிலீஷ் புல்டாகைத் தத்தெடுக்க யோசிப்பவர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதிவைக்கிறேன். எடை, தேதி, மருந்து எல்லாம் எட்டாவது படிக்கும் என் மகள் வைத்திருக்கும் நோட்டிலிருந்து எடுத்தவை. காப்பகத்தின் பெயரையும் டாக்டர்களின் பெயரையும் எழுதவில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அவர்கள் "இல்லை" என்று சொல்லாமல் நாயை எங்கள் கையில் கொடுத்திருந்தால், அடுத்த கோடைக்குள் அவள் செத்துப்போயிருப்பாள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேட்டில் கட்டிவிட்டுப் போன நாய்

ஜூலை மாதம், விடிவதற்கு முன்பே யாரோ பொம்மியைக் கொண்டுவந்து காப்பகத்தின் கேட்டில் நைலான் கயிற்றால் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பல்லைப் பார்த்து ஐந்து வயது இருக்கும் என்றார்கள். எடை 16.4 கிலோ. வளர்ந்த பெண் புல்டாக் 18-லிருந்து 23 கிலோ இருக்க வேண்டும். வயிற்றில் நீளவாக்கில் ஒரு தழும்பு, அதை ஒட்டியே இன்னொன்று. குறைந்தது இரண்டு தடவை சிசேரியன் ஆகியிருக்கிறது. காம்புகள் தொங்கிப்போயிருந்தன. நகம் வளர்ந்து வளைந்து உள்ளங்காலில் குத்திக்கொண்டிருந்தது. மண்ணில் நடந்த நாய்க்கு நகம் அப்படி வளராது. கூண்டிலேயே இருந்தவள்.

இந்த இனத்தில் சிசேரியன் அபூர்வமான விஷயம் இல்லை. குட்டியின் தலையும் தோளும் பெரிது, தாயின் இடுப்பெலும்பு குறுகல். பிரிட்டனில் 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், புல்டாக் பிரசவங்களில் 100-க்கு 80-க்கும் மேல் அறுவை சிகிச்சையில்தான் நடந்திருக்கின்றன. அதாவது ஒரு புல்டாகை வைத்துக் குட்டி வியாபாரம் செய்பவர் பெரும்பாலான முறை அதன் வயிற்றைக் கிழிக்கத்தான் வேண்டும். நம் நாட்டில் 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி வியாபாரி பதிவு செய்திருக்க வேண்டும். 18 மாதம் ஆகாத பெண் நாயை இணை சேர்க்கக் கூடாது, ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பொம்மியின் உடம்பைப் பார்த்தவர்களுக்கு அந்த விதிகள் அவள் இருந்த கூண்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று தெரியும். இனி ஈன முடியாது என்று ஆனதும் கயிறு கட்டி விட்டுவிட்டார்கள். எனக்கு இன்றும் இது ஆறவில்லை.

வந்த அன்றைக்குக் குறித்த மற்றவை: வலது கண்ணோரம் மூன்றாம் இமையின் சுரப்பி சிவப்பாக உருண்டு வெளியே பிதுங்கியிருந்தது, 'செர்ரி ஐ' என்கிறார்கள். முக மடிப்புகளிலும் வாலின் அடியில் உள்ள குழியிலும் புண். காதுக்குள் உண்ணி. ரத்தப் பரிசோதனையில் எர்லிக்கியா, நம் ஊரில் நாய்களுக்கு வரும் உண்ணிக் காய்ச்சல் என்பது பெரும்பாலும் இதுதான். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருந்தன. டாக்ஸிசைக்ளின் 28 நாள் கொடுத்தார்கள். அந்த 28 நாளும் முடியாமல் வேறு எந்த ஆபரேஷனும் பேசக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரத்தம் உறையாவிட்டால் கத்தி வைக்க முடியாது.

லண்டன் ராயல் வெட்டினரி காலேஜ் 2022-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. மற்ற நாய்களோடு ஒப்பிட்டால் இங்கிலீஷ் புல்டாகுக்குத் தோல் மடிப்புப் புண் வரும் வாய்ப்பு சுமார் 38 மடங்கு, செர்ரி ஐ சுமார் 27 மடங்கு, மூச்சுப்பாதை அடைப்பு 19 மடங்கு. பொம்மிக்கு மூன்றும் இருந்தன. அவளைக் கவனிக்காமல் விட்டது மட்டும் இதற்குக் காரணமில்லை. அவள் இனத்தையே அப்படித்தான் வடித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் காளையோடு நாயை மோதவிடும் விளையாட்டு 1835-ல் சட்டப்படி நின்றது. வேலை போன பிறகு அந்த நாயைக் கண்காட்சிக்கும் வீட்டுக்கும் என்று தலைமுறை தலைமுறையாக மாற்றினார்கள். மூஞ்சி உள்ளே போனது, தலை பெருத்தது, வால் சுருண்டது. இன்றைக்கு நாம் புல்டாக் என்று பார்க்கும் உருவம் இந்தப் பிந்தைய வேலைதான்.

அந்த மூக்குக்குள் என்ன நடக்கிறது

இதை விவரமாகவே எழுதுகிறேன். தத்தெடுக்கும் முன் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது இதுதான், பின்னால் நடந்த எல்லாமும் இதிலிருந்துதான் வந்தது.

நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்க்காது. சூட்டைத் தணிக்க அதற்கு இருக்கும் பெரிய வழி இரைப்புதான். நாக்கிலும் மூக்கின் உட்சுவரிலும் உள்ள ஈரம் காற்றில் ஆவியாகும்போது அங்கே ஓடும் ரத்தம் குளிர்கிறது. நீண்ட மூக்குள்ள நாய்க்கு உள்ளே சுருள் சுருளாக மெல்லிய எலும்புகள், அவற்றின் மேல் ஈரமான சவ்வு, விரித்தால் நிறைய இடம். புல்டாகுக்கு எலும்பு குட்டையாகிவிட்டது, ஆனால் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. பெரிய பாயைச் சின்னப் பெட்டிக்குள் திணித்த மாதிரி எல்லாம் உள்ளே மடங்கிக் கிடக்கிறது. மூக்குத் துளை வெறும் கீறல். அண்ணத்தின் பின்பகுதி நீண்டு தொண்டைக்குழிக்குள் தொங்குகிறது. மூச்சுக்குழாயும் பல நாய்களுக்குக் குறுகல்.

ஆகவே சூடானால் நாய் வேகமாக இரைக்கிறது. வேகமாக இழுக்க இழுக்க அந்தக் குறுகிய பாதையில் சதை உரசி வீங்குகிறது. வீங்கினால் இன்னும் அடைப்பு. அடைப்பை மீறி இழுக்க இன்னும் உழைப்பு. உழைத்தால் இன்னும் சூடு. இந்தச் சுழலுக்குள் ஒரு புல்டாக் விழுந்துவிட்டால் அதுவாக வெளியே வராது, நாம்தான் இழுத்துப்போட வேண்டும்.

இதோடு சென்னையின் காற்று வேறு. ஈரம் நிறைந்த காற்றில் நாக்கின் ஈரம் எப்படி ஆவியாகும்? டாக்டர் எங்களுக்குச் சொன்ன கணக்கு இது: "கொடியில போட்ட துணி காயலேன்னா அன்னைக்கு வாக்கிங் வேண்டாம். தெர்மாமீட்டர்ல என்ன டிகிரி காட்டினாலும் சரி." என் அம்மாவுக்கு அது உடனே புரிந்துவிட்டது. இப்போதும் காலையில் அம்மாதான் கொடியைத் தொட்டுப் பார்த்துச் சொல்வார்.

குறட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். புல்டாக் குறட்டை விடுவதைப் பார்த்துச் சிரிக்கிறோம், வீடியோ எடுக்கிறோம். நானும் முதல் நாள் எடுத்தேன். அந்தச் சத்தம் அடைப்பின் சத்தம் என்று காப்பகத்தில் வேலை பார்க்கும் பெண் சொன்ன பிறகு அந்த வீடியோவை என்னால் பார்க்க முடியவில்லை.

"முடியாது அண்ணா"

எங்கள் வீட்டில் அதற்கு முன் மணி என்று ஒரு நாட்டு நாய் இருந்தான். பதின்மூன்று வருடம். மொட்டை மாடியில் படுப்பான், மூன்று மாடியை ஒரே ஓட்டத்தில் இறங்குவான், மே மாத மத்தியானத்தில் தண்ணீர்த் தொட்டி நிழலில் நிம்மதியாகத் தூங்குவான். நாய் வளர்க்கத் தெரியும் என்ற எங்கள் தைரியம் முழுக்க மணி கொடுத்தது. விண்ணப்பத்தில் "இரவில் நாய் எங்கே படுக்கும்?" என்ற கேள்விக்கு "மாடியில் தனி இடம் இருக்கிறது" என்று பெருமையாக எழுதினேன்.

வீட்டைப் பார்க்கக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பெரம்பூர் பக்கம், மூன்றாவது மாடி, வாடகை வீடு, லிஃப்ட் கிடையாது. மேலே மொட்டை மாடிதான், பகலெல்லாம் வாங்கிய வெயிலைத் தளம் சாயங்காலம் எங்கள் தலைமேல் இறக்கும். அவள் மாடிப்படியை எண்ணிக்கொண்டே ஏறினாள். 54. உள்ளே வந்ததும் சுவரில் கை வைத்துப் பார்த்தாள்.

"அண்ணா, ஏசி எந்த ரூம்ல இருக்கு?"

"பெட்ரூம்ல. ஆனா நாய்க்கு ஏசி எதுக்கும்மா?"

"கரண்ட் போனா?"

"ஒரு மணி நேரத்துல வந்துடும்."

அவள் கோபப்படவில்லை. ஒரு மணி நேரம் இவளுக்கு அதிகம் என்று மட்டும் சொன்னாள். நாங்கள் மூன்று பேரும் வெளியே போனால் அம்மாவால் 20 கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு 54 படி இறங்க முடியுமா என்று கேட்டாள். அம்மாவே "முடியாதும்மா, எனக்கே முழங்கால் வலி" என்றார். இரண்டு நாள் கழித்து போன் வந்தது. முடியாது அண்ணா, மன்னிச்சுக்கோங்க, உங்க வீட்டுக்கு ஒரு நாட்டு நாய்க் குட்டி நல்லா இருக்கும், பாருங்களேன்.

எனக்கு வந்த கோபத்தை மறைக்கப் போவதில்லை. தெருவில் விட்ட நாய்க்கு வீடு கொடுக்கிறேன் என்கிறேன், இவர்கள் பரீட்சை வைக்கிறார்களே என்றுதான் தோன்றியது. என் மனைவிதான் "அவங்க கேட்டதுல எதுக்கு நம்மகிட்ட பதில் இருந்தது?" என்று கேட்டாள். ஒன்றுக்கும் இல்லை.

அந்த வருடம் அம்மாவின் முழங்காலுக்காக வீடு மாற்றியே ஆக வேண்டிய நிலைமை. அதே தெருவில் கீழ்வீடு ஒன்று காலியானது. பழைய வீடு, சிவப்பு சிமென்ட் தரை, வடக்குப் பார்த்த ஓர் அறை, வாசலில் வேப்பமரம். அம்மாவின் காலுக்கும் பொம்மியின் மூச்சுக்கும் ஒரே இடத்தில் மருந்து கிடைத்த மாதிரி. அக்டோபரில் குடிபோனோம். வடக்கறையில் ஏசி. இன்வெர்ட்டரில் ஏசி ஓடாது, அதனால் அந்த அறையின் ஃபேன் மட்டும் நாலு மணி நேரமாவது ஓடும்படி பேட்டரி போட்டோம். ஃப்ரீசரில் எப்போதும் ஆறு பாட்டில் ஐஸ், துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்க. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனால் யார் வண்டியில், எந்த கிளினிக்குக்குப் போவது என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினோம். அப்புறம் திரும்பவும் விண்ணப்பித்தோம்.

ஒரே மயக்கத்தில்

இதற்கிடையே பொம்மிக்கு அக்டோபர் முதல் வாரம் ஆபரேஷன் நடந்தது. மூக்குத் துளையை அகலப்படுத்துவது, நீண்ட அண்ணத்தை வெட்டிக் குறைப்பது, கண் சுரப்பியைத் திரும்ப உள்ளே வைத்துத் தைப்பது, கருப்பையை எடுப்பது, நான்கும் ஒரே மயக்கத்தில். மயக்கம் கொடுப்பதுதான் இந்த இனத்துக்குப் பெரிய ஆபத்து என்பதால் நாலு தடவை கொடுப்பதைவிட ஒரே தடவையில் முடிப்பது மேல் என்று டாக்டர் முடிவு செய்தார். கண் சுரப்பியை வெட்டி எடுப்பது சுலபம், ஆனால் கண்ணீரில் கணிசமான பங்கு அதிலிருந்துதான் வருகிறது, எடுத்துவிட்டால் பின்னால் கண் வறண்டு பார்வை போகலாம். யாராவது "வெட்டிடலாம்" என்று சொன்னால் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் மூச்சைத் தரம் பிரிக்க ஒரு சோதனை செய்தார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய முறை. முதலில் தொண்டையில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பது, மூன்று நிமிடம் விரைவாக நடக்கவிடுவது, திரும்பவும் கேட்பது. 0 முதல் 3 வரை தரம். பொம்மிக்கு 2. ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் வைத்தார் டாக்டர். நடக்கும் முன் ஓட்டை விழுந்த துருத்தி ஊதுவது போல் கேட்டது. நடந்த பிறகு ஈர மரத்தை ரம்பத்தால் அறுக்கும் சத்தம்.

அன்று கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்த ஒன்று மனதில் இருக்கிறது. மற்ற நாய்களுக்கு முழுங்கும் உணர்வு வந்ததும் தொண்டைக் குழாயை எடுத்துவிடுவார்களாம். பொம்மிக்கு எடுக்கவில்லை. கண் திறந்தாள், தலையைத் தூக்கினாள், அப்போதும் எடுக்கவில்லை. தரையில் பெட்ஷீட் விரித்து அவளைக் குப்புறப் படுக்கவைத்து, சுருட்டிய துண்டின்மேல் தாடையை ஏற்றிவைத்து, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு டாக்டர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். குழாயை அவளாகவே கடித்துத் துப்பப் பார்க்கும் வரை. நாற்பது நிமிடம். வெளியே வந்தவர் கால் மரத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். புல்டாகுக்கு ஆபரேஷன் டேபிளைவிட மயக்கம் தெளியும் நேரம்தான் ஆபத்து என்றார்.

ஒரு மாதம் கழித்து அதே சோதனையில் தரம் 1. பூஜ்யம் ஆகாது, உள்ளே இருக்கும் மற்ற குறுகலை எந்தக் கத்தியும் சரி செய்யாது.

நாலடிக்கு மூன்றடி

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். முதல் மூன்று வாரம் 'ஃபாஸ்டர்', அதாவது தற்காலிக வளர்ப்பு, அதற்குப் பிறகுதான் தத்து உறுதி. எக்காரணம் கொண்டும் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம், முடியாவிட்டால் காப்பகத்துக்கே திருப்பிக் கொடுப்போம் என்று கையெழுத்துப் போட்டோம். கழுத்தில் அடையாள மைக்ரோசிப். ரேபிஸ் ஊசிச் சான்றிதழை வைத்து மாநகராட்சியில் 50 ரூபாய் கட்டி உரிமம் எடுத்தோம்.

பெரிய ஹாலில் விட்டோம். அவள் நடந்தாள். நாலு அடி நேராக, திரும்பி மூன்று அடி, திரும்பி நாலு, திரும்பி மூன்று. அங்கே சுவரும் இல்லை, கம்பியும் இல்லை. முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. என் மகள்தான் சாக்பீஸால் அவள் நடந்த வழியைத் தரையில் கோடு போட்டாள். சிவப்புத் தரையில் வெள்ளையாக ஒரு கூண்டின் அளவு வந்து நின்றது. என் மனைவி சமையலறைக்குப் போய்விட்டாள், அழுதுகொண்டிருக்கிறாள் என்று தெரியும், நான் உள்ளே போகவில்லை.

படுக்கும் இடத்திலேயே சிறுநீர் கழித்தாள், கூண்டில் வேறு வழி இருந்திருக்காது. கூப்பிட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். காப்பகத்துப் பெண் போனில் ஒன்றே ஒன்று சொன்னாள்: "எதுவும் செய்யாதீங்க அண்ணா. தரையில உக்காந்து உங்க வேலையைப் பாருங்க." அம்மா தரையில் உட்கார முடியாமல் மணைப் பலகையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். ஒன்பதாவது நாள், உருண்டு போன ஒரு காரட் துண்டுக்காகச் சாக்பீஸ் கோட்டைத் தாண்டினாள். நோட்டில் அதற்கு நேரம்கூட இருக்கிறது, காலை 10.40.

மடிப்புகளைச் சுத்தம் செய்வது அம்மாவின் பொறுப்பானது. மூக்கின் மேல் உள்ள மடிப்புக்குள் விரலை விட்டால் அரை விரல் உள்ளே போகும். ஆரம்பத்தில் அங்கிருந்து புளித்த மாவு வாடை வரும், ஈஸ்ட் கிருமியின் வாடை. டாக்டர் கொடுத்த குளோரெக்ஸிடின் கரைசலில் நனைத்த பஞ்சால் ஒரு துடைப்பு, அப்புறம் அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த துணியை ஆள்காட்டி விரலில் சுற்றி ஈரம் போகும்வரை ஒற்றி எடுப்பது. ஈரத்தை விட்டுவிட்டால் துடைத்தும் பயனில்லை. மடிப்பை விரித்துப் பிடிக்கும்போது பொம்மி கண்ணை மூடிக்கொண்டு தாடையை அம்மாவின் முழங்காலில் வைத்துவிடுவாள். வாலடிக் குழிக்கும் இதே வைத்தியம், ஆனால் அங்கே தொட விட இரண்டு மாதம் ஆனது.

வந்து இரண்டே வாரத்தில் ஃபெஞ்சல் புயல். நவம்பர் 30, சனிக்கிழமை, தெருவில் முழங்கால் தண்ணீர், எங்கள் வாசற்படி வரை வந்தது. கீழ்வீட்டின் மறுபக்கம் இது. புல்டாகுக்கு நீந்த வராது, கனத்த தலையும் குட்டைக் காலும் சேர்ந்து அதை முன்பக்கமாக மூழ்கடித்துவிடும். அன்று இரவு முழுக்கப் பொம்மியைக் கட்டில்மேல் வைத்துக்கொண்டு மாறி மாறி விழித்திருந்தோம். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. இந்த ஆபத்தை நாங்களும் யோசிக்கவில்லை, காப்பகமும் கேட்கவில்லை. இப்போது அவர்களின் படிவத்தில் "மழைக்குத் தண்ணீர் ஏறும் தெருவா?" என்ற கேள்வி சேர்ந்திருக்கிறது.

அந்த வாட்ஸாப் செய்தி

ஜனவரியில் தெருக் குடியிருப்போர் குழுவில் ஒருவர் ஒரு செய்தியைப் போட்டார்: புல்டாக் தடை செய்யப்பட்ட நாய், உடனே அப்புறப்படுத்தவும். அந்தத் தெருவில் குழந்தைகள் நிறைய. ஆயிரம் விளக்கில் 2024 மே மாதம் பூங்காவில் ஒரு குழந்தையை ராட்வைலர் நாய்கள் கடித்த சம்பவம் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. பயத்தை நான் தவறு சொல்ல மாட்டேன்.

விவரம் இதுதான். 2024 மார்ச்சில் ஒன்றிய அரசின் கால்நடைத் துறை 23 இனங்களுக்கு உரிமம் தரக் கூடாது என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அந்தப் பட்டியலில் இருந்தது அமெரிக்கன் புல்டாக், உயரமும் வேகமும் உள்ள வேறு நாய். ஏப்ரலில் கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்கள் அந்தச் சுற்றறிக்கையை ரத்தும் செய்துவிட்டன. தமிழ்நாடு அரசு 2024-ல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கை வேறு மாதிரி. நம் தட்பவெப்பத்தைத் தாங்காத அல்லது மூச்சுக்குத் திணறும் 11 வெளிநாட்டு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்வதைத் தடுத்தது. பிரெஞ்ச் புல்டாகும் 'பக்' நாயும் அதில் இருந்தன. வளர்க்கும் நாயைத் தூக்கிப்போடச் சொல்லும் சட்டம் அது இல்லை. என்னைக் கேட்டால் இங்கிலீஷ் புல்டாகையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும், ஒரு புல்டாகை வீட்டில் வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

இதையெல்லாம் குழுவில் எழுதிச் சண்டை போடவில்லை. செய்தி போட்டவர் வீட்டுக்கு உரிமத்தையும் ஊசிச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் மறுநாள் வந்து, பொம்மி நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, "இதால எங்கேயும் ஓட முடியாது போலிருக்கே" என்றார். கயிறில்லாமல் வெளியே விடுவதில்லை என்று உறுதி கொடுத்தேன். அதோடு அது முடிந்தது.

ஏப்ரல் 19

எங்கள் தவறு இது, முழுவதும் எங்கள் தவறு.

2025 ஏப்ரல் 19, சனிக்கிழமை. பகலெல்லாம் அறைக்குள்ளேயே இருந்தாள். சாயங்காலம் 6.15 மணிக்கு, வெயில் இறங்கிவிட்டதே என்று தெருமுனை வரை கூட்டிப்போனேன். அன்று அம்மா ஊருக்குப் போயிருந்தார், கொடியை யாரும் பார்க்கவில்லை. கடற்காற்று வரவில்லை, புழுக்கம். தார் ரோடு இன்னும் சூடு. இருநூறு அடி போயிருப்போம், பொம்மி படுத்துவிட்டாள். சோம்பல் என்று நினைத்து "வா வா" என்று கயிற்றை இழுத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது.

சத்தம் மாறியது. எப்போதும் வரும் கரகரப்பு போய், உள்ளே இழுக்கும்போது மெல்லிய விசில். கழுத்தை முன்னே நீட்டிக்கொண்டாள். நாக்கு ஓரம் சிவப்பிலிருந்து நாவற்பழ நிறத்துக்குப் போனது.

எதிரே தண்ணீர் கேன் கடை. தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்கார அண்ணன் ஒரு கேள்வி கேட்கவில்லை, 20 லிட்டர் கேனைத் திறந்து அப்படியே ஊற்றினார், கல்லாவில் இருந்த டேபிள் ஃபேனைத் தரையில் இறக்கி அவள் பக்கம் திருப்பினார். வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் ஊற்றி ஊற்றிக் காற்று வாங்கவைத்தோம். ஒருவர் ஈரத் துண்டைப் போர்த்தச் சொன்னார், வேண்டாம் என்றேன். போர்த்திய துண்டு சீக்கிரமே சூடாகிச் சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். முதலில் குளிரவை, அப்புறம் வண்டியில் ஏற்று, இதுவும் அவர் சொன்னதுதான். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றவும் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பத்து நிமிடத்தில் விசில் நின்று கரகரப்பு திரும்பியது. உலகத்தில் நான் கேட்ட நல்ல சத்தம் அதுதான்.

கிளினிக்கில் பார்த்தபோது உடல் வெப்பம் 40.6 செல்சியஸ். நாய்க்கு இயல்பு 38.3-லிருந்து 39.2. 41-ஐத் தாண்டினால் குடல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகக் கெடத் தொடங்கும். ஆக்சிஜன், வீக்கம் குறைய ஊசி, இரவு முழுக்கக் கண்காணிப்பு. காலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த மூன்று நாள் ரத்தப் பரிசோதனை. தப்பித்தாள்.

அன்றிலிருந்து மார்ச் முதல் செப்டம்பர் வரை வெளியே போவது காலை 5 மணிக்கு, பத்தே நிமிடம். கழுத்துப் பட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு மார்புப் பட்டை வாங்கினோம். மற்ற நேரம் ஹாலில்தான், ஐஸ்கட்டியைத் தரையில் தள்ளிவிட்டால் அதை நக்கிக்கொண்டே சுற்றுவாள்.

தோசை

ஆகஸ்டில் எடை போட்டபோது 24.5 கிலோ. எங்கள் இலக்கு 21. மூச்சுச் சத்தம் ஆபரேஷனுக்கு முன்பிருந்த அளவுக்குப் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் கழுத்தடிக் கொழுப்பைப் பிடித்துக் காட்டினார். அது உள்ளேயிருந்தும் பாதையை அழுத்துகிறது. என்ன கொடுக்கிறீர்கள் என்றார். அளந்துதானே கொடுக்கிறோம் என்றோம். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "காலையில ஒரு தோசை... ரெண்டு" என்றார். வயிறு ஒட்டி வந்த நாய், சாப்பிடக் கேட்கும்போது இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை என்றார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. இப்போது தோசைக்குப் பதில் பூசணித் துண்டும் வெள்ளரியும், அதையும் அம்மா கையால்தான். நான்கு மாதத்தில் 22.1-க்கு இறங்கியிருக்கிறாள்.

செலவைக் கேட்பவர்களுக்கு: பெரிய ஆபரேஷன் செலவைக் காப்பகம் ஏற்றது, நாங்கள் ஒரு பங்கு கொடுத்தோம். அதற்குப் பின் மாதாமாதம் தோல் மருந்து, கண் சொட்டு மருந்து, உண்ணி மாத்திரை. கோடையில் இரண்டு மாதக் கரண்ட் பில் பழைய வீட்டில் வந்ததைப் போல் இரண்டரை மடங்கு. குடும்பமாக எங்கேயும் ஒன்றாக வெளியூர் போவதில்லை, ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும்.

ஏப்ரலுக்குப் பிறகு இரவில் அவள் தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி நோட்டில் எழுதுகிறோம். முப்பதுக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு வாரமாக வலது பின்னங்காலை மெதுவாக ஊன்றுகிறாள். இடுப்பு மூட்டாக இருக்கலாம் என்கிறார் டாக்டர், இந்த இனத்தில் அதுவும் அதிகம். வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார். மயக்கம் கொடுக்காமல் எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறோம், திங்கட்கிழமை போகிறோம், காலை முதல் டோக்கனுக்கு, வெயில் ஏறும் முன்பே திரும்பிவிடும்படி. நேற்று இரவு 11.10-க்கு மகள் எழுதியது 24.